தள்ளிய வரிகள்

2024 அக்டோபர் கடைசியில் மதுரையில் பெய்த மழையைப் பற்றி வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். மதுரையில் வெள்ளமா, வைகையில் என்றைக்குத் தண்ணி ஓடியிருக்கு என்பார்கள். வைகை கரைபுரண்டு வந்த வெள்ளமில்லை அது. ஒரு பிற்பகலில் கொட்டித் தீர்த்த மழை. செல்லூர் கண்மாய் நிறைந்து, பந்தல்குடி கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் வழி கிடைக்காமல் தெருவுக்குள் திரும்பியது. கட்டபொம்மன் நகர் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் வீடு கொஞ்சம் மேட்டில் இருந்ததால் தப்பித்தோம். தப்பித்தவர்களுக்கு இருக்கும் குற்றவுணர்ச்சியோடு நானும் நிவாரண வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன். அரிசி மூட்டை தூக்குவதற்கு என்னைவிடத் தோதான ஆட்கள் இருந்தார்கள். அதனால் எனக்குக் கிடைத்த வேலை பட்டியல். நாலு குழுக்கள் தெருத்தெருவாகப் போய் எழுதிக்கொண்டு வந்ததை யாரோ நாலு பேர் செல்போனில் அடித்து அனுப்பியிருந்தார்கள். நாலு கோப்பு, மொத்தம் 412 வரி. வரிசை எண், பெயர், முகவரி, போன் நம்பர், எத்தனை ஆட்கள், என்ன சேதம், குறிப்பு என்று ஒவ்வொரு வரியிலும் ஏழு கட்டம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒரு கமா. சிஎஸ்வி என்று நாம் சொல்வது இதைத்தான். விடிந்ததும் ஒரு மண்டபத்தில் அரிசி, பாய், போர்வை கொடுக்கப் போகிறோம். அதற்குள் நாலையும் ஒன்றாக்கி, இரட்டைப் பதிவை நீக்கி, அழகாக அச்செடுத்துத் தரவேண்டும். "உனக்கென்னப்பா, ரெண்டு பட்டன் தட்டுனா முடிஞ்சிரும்" என்றார் ஒரு அண்ணன். அந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது. இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கையைப் பற்றியது.

கருப்புத் திரையைத் திறந்து கட்டளை அடிப்பதில் ஒரு போதை உண்டு. அடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். மவுஸைப் பிடித்துக்கொண்டு எக்செல்லில் ஒவ்வொரு கட்டமாகத் திருத்துகிறவரைப் பார்த்தால் மனசுக்குள் ஒரு ஏளனம் வரும். நான் எடுத்தது ஆக் என்ற கருவியை. 1977ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. ஆல்ஃபிரட் ஏஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன் ஆகிய மூன்று பேரின் குடும்பப் பெயர்களில் முதலெழுத்தைச் சேர்த்து வைத்த பெயர். நம்ம ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு மென்பொருளுக்கே இனிஷியலை மட்டும் வைத்துப் பெயர் விட்டிருக்கிறார்கள்.

அது செய்யும் வேலை மிக எளிமையானது. கோப்பை வரிவரியாகப் படிக்கும். நீங்கள் சொல்லும் குறி வருகிற இடத்திலெல்லாம் வரியை வெட்டி, ஒன்றாம் துண்டு, இரண்டாம் துண்டு என்று எண்ணிட்டு வைத்துக்கொள்ளும். அந்த வரி நீங்கள் கொடுத்த நிபந்தனைக்குப் பொருந்தினால் வெளியே அனுப்பும். பொருந்தாவிட்டால் ஒன்றும் செய்யாது. அடுத்த வரிக்குப் போய்விடும்.

அந்த "ஒன்றும் செய்யாது" என்பதை இப்போது நான் அடிக்கடி நினைக்கிறேன்.

அன்று ராத்திரி நான் இரண்டு நிபந்தனை எழுதினேன். முதலாவது, ஏழு துண்டு உள்ள வரியை மட்டும் எடு. செல்போனில் அவசரமாக அடித்ததில் அரைகுறை வரிகள் கிடக்கும், அவற்றை ஒதுக்குவதற்காக. இரண்டாவது, ஒரு போன் நம்பரை ஒருமுறை பார்த்துவிட்டால் மறுபடி அதே நம்பர் வரும் வரியை விட்டுவிடு. இரண்டு குழுவிலும் பேர் கொடுத்தவர்கள் இருப்பார்கள் என்பதற்காக. இரண்டும் சேர்ந்து ஒரே வரிக் கட்டளை. எண்டர் தட்டினேன். கண்சிமிட்டும் நேரம்தான். 333 வரி வந்தது.

412 ஏன் 333 ஆனது என்று நான் கேட்கவில்லை. இரட்டைப் பதிவு போயிருக்கும், குப்பை போயிருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் நினைக்கக்கூட இல்லை. சுத்தமான பட்டியலைப் பார்த்ததும் ஒரு திருப்தி வருமே, அதில் அந்தக் கேள்வி எழவே இல்லை.

அடுத்து அச்சுக்கு வடிவமைக்கும் வேலை. முகவரி ஒரே அகலத்தில் நின்றால்தான் தாளில் அடங்கும் என்று, கட் என்ற கருவியிடம் முதல் 40 எழுத்தை மட்டும் வெட்டித் தரச் சொன்னேன். வந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன். முகவரிகள் பாதியில் அறுந்து, கடைசியில் கருப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி முளைத்திருந்தது. காரணம் இதுதான். என் மெஷினில் இருந்த கட், எழுத்து என்று சொன்னாலும் எண்ணுவது பைட்டைத்தான். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட், ஆகவே அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. "செல்லூர்" நமக்கு நாலு எழுத்து. யூனிகோடில் அது எட்டுக் குறியீடு, யுடிஎஃப்-8ல் 24 பைட். 40ல் வெட்டினால் பதினாலாவது குறியீட்டின் நடுவில் கத்தி இறங்கும். அரைமணி நேரம் மல்லுக்கட்டிச் சரிசெய்தேன். தமிழ் தெரியாத கருவியைத் தமிழுக்கு வளைத்துவிட்ட பெருமிதத்தோடு இரண்டு மணிக்குப் படுத்தேன்.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அன்று ராத்திரி என் வேலையில் இரண்டு வகைப் பிழை நடந்தது. ஒன்று கேள்விக்குறியாகக் கண்முன் வந்து நின்றது. அதற்கு அரைமணி நேரம் கொடுத்தேன். இன்னொன்று எந்த அடையாளமும் விடாமல் நடந்தது. அதற்கு ஒரு வினாடிகூடக் கொடுக்கவில்லை. முதல் பிழையால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. முகவரி பாதி இருந்தாலும் பேரைப் பார்த்து அரிசி கொடுத்திருப்பார்கள்.

காலையில் மண்டபத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தோம். முதல் ஆளாக ஒரு பாட்டி வந்தார். பேர் சொன்னார். தாளில் தேடினேன், இல்லை. இரண்டாம் தடவையும் தேடினேன்.

"இல்லையே பாட்டி, உங்க தெருவுல எழுத வந்தாங்களா?"

"வந்தாகளே ராசா. ரெண்டு பொம்பளப் புள்ளைக. நான்தான் வீட்டு அடையாளம்லாம் வெவரமாச் சொன்னேன். சொல்லிச் சொல்லி எழுதுனாக."

"கொஞ்சம் அங்குட்டு நில்லுங்க, பாத்துச் சொல்றேன்."

பத்து மணிக்குள் "அங்குட்டு" நின்றவர்கள் இருபது பேருக்கு மேல் ஆகிவிட்டார்கள். சத்தம் கூடியது. வரிசையில் நின்ற ஒருவர், "லிஸ்ட்ல பேர் இல்லாதவங்களுக்குக் கொடுத்தா நாங்க எதுக்கு நிக்கிறோம்" என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. அவருக்கு அந்தத் தாள்தான் உண்மை. எனக்கும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் இல்லை என்று அந்தப் பாட்டியிடம் நானே சொன்னேன். வங்கியிலும் அலுவலகங்களிலும் என்னிடம் யாராவது சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும் அதே வாக்கியம்.

மதியத்துக்கு மேல் லேப்டாப்பைத் திறந்து பழைய கோப்பில் அந்தப் பாட்டியின் பேரைத் தேடினேன். இருந்தது. முகவரிக் கட்டத்தில், கதவு எண், பெரிய வீட்டுக்குப் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, தறி போட்டிருந்த இடம் என்று முழுசாக இருந்தது. நடுநடுவே கமா. கட்டத்துக்குள் கமா வந்தால் அந்தக் கட்டத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைக்கவேண்டும் என்பது சிஎஸ்வியின் வழக்கம். 2005ல் வந்த பொதுக்குறிப்பு ஒன்றும் அதையே சொல்கிறது. பாட்டியின் முகவரியும் ஒழுங்காக மேற்கோள் குறிக்குள்தான் இருந்தது. கமா கண்ட இடமெல்லாம் வெட்டு என்று சொன்னது நான். பத்துத் துண்டாகிப்போன வரி, ஏழு துண்டு என்ற நிபந்தனையில் தோற்றுவிட்டது. மேற்கோள் குறியை மதித்துப் படிக்கும் வசதி 2023லேயே ஆக்கின் புதிய பதிப்புகளில் வந்துவிட்டது. நான் தெரிந்துவைத்திருக்கவில்லை. ஆகவே கருவியைக் குற்றம் சொல்ல வழியே இல்லை.

சாயங்காலம் உட்கார்ந்து, காணாமல் போன 79 வரியையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அதில் 11 நிஜமான இரட்டைப் பதிவு. மீதி 68 வீடு. அதில் 41, முகவரியில் கமா இருந்ததால் போனவை. 8, பக்கத்து வீட்டு நம்பரையோ மகன் நம்பரையோ கொடுத்து, ஒரே போனைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். 19 பேருக்குப் போனே இல்லை. இந்தப் பத்தொன்பதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போன் கட்டம் காலியாக இருந்த முதல் ஆளை என் கட்டளை உள்ளே விட்டிருக்கிறது. அடுத்து காலிக் கட்டத்தோடு வந்த ஒவ்வொருவரையும், "இதே நம்பரை ஏற்கெனவே பார்த்தாச்சு" என்று விட்டுவிட்டது. ஒன்றுமில்லாதவர்கள் எல்லாரும் அதன் கணக்கில் ஒரே ஆள்.

அன்று நண்பனோடு டீக்கடையில் விவாதம் வந்தது. அவன் சொன்னான்: "401 வீட்ல 333 சரியா வந்துருக்கு. 83 பர்சென்ட். ஒரே ராத்திரியில, தனி ஆளா. எந்தக் கணக்குலயும் பிழை இருக்கத்தான் செய்யும். நீ வேணும்னா செஞ்ச? இல்லையே. அப்புறம் என்ன?"

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வடிகட்டாமல் எந்தப் பட்டியலும் ஆகாது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு மணி நேரம் கொடுத்தால் அரிசி கொடுத்து முடிய வருசமாகும். வேண்டுமென்று செய்ததற்கும் தெரியாமல் நடந்ததற்கும் வித்தியாசம் உண்டு என்பதை எந்த அறமும் ஒத்துக்கொள்ளும். ஆனால் 83 சதவீதம் என்ற எண் ஒன்றை மறைக்கிறது. அந்த 68 பேரும் குருட்டாம்போக்கில் சீட்டுக் குலுக்கி விழுந்தவர்கள் இல்லை. அப்படி விழுந்திருந்தால் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். சொந்த வீடு, ஒரே கதவு எண், கையில் ஒரு போன் என்று இருந்தவர்கள் ஒருவர்கூடத் தள்ளுபடியாகவில்லை. பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே, இன்னாருடைய வீட்டில் என்று நாலு கமா போட்டுத் தன் இருப்பிடத்தை விளக்கவேண்டியவர்கள்தான் போனார்கள். ஒரு கதவு எண்ணுக்குள் நாலு குடித்தனம் இருக்கும் தெருவில், தான் எளிதில் கண்டுபிடிக்கப்படமாட்டோம் என்று பழக்கத்தில் தெரிந்தவர்கள்தான் அவ்வளவு விவரமாக அடையாளம் சொல்வார்கள். பாட்டி விவரமாகச் சொன்னார். விவரமாகச் சொன்னதாலேயே விடுபட்டார்.

நான் எழுதியது வெறும் எண்ணிக்கைச் சரிபார்ப்பு என்று நினைத்திருந்தேன். ஒழுங்கான மனிதர் என்றால் யார் என்று எனக்குள் இருந்த ஒரு படம் அது. ஒரே வரியில் அடங்கும் முகவரி உள்ளவர், தனக்கென்று ஒரு நம்பர் உள்ளவர். யாராவது என்னிடம் நேராக, "போன் இல்லாதவங்களுக்கு அரிசி கிடையாதா?" என்று கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அதையே நிபந்தனையாக எழுதியபோது எனக்கு அது கொள்கையாகத் தெரியவில்லை. தட்டச்சு வேலையாகத்தான் தெரிந்தது.

நம்முடையது 412 வரி. அரசாங்கங்கள் இதே வேலையைக் கோடி வரிகளில் செய்கின்றன. 2017ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கப்படவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. பசியில் செத்தாள் என்றார் தாய். நோய் என்றது அரசு. அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதிலிருந்து அட்டையே போலி என்ற முடிவுக்குத் தாவுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு இப்போது தெரியும். அந்தத் தாவல் என் கைவிரலாலேயே நடந்திருக்கிறது.

பட்டியலில் விடுபடுவது மட்டும்தான் ஆபத்து என்றில்லை. ஒரே ஒரு கட்டம் பொருந்துவதால் உள்ளே இழுக்கப்படுவதும் உண்டு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்று சொல்வார்கள், குற்றப் பரம்பரைச் சட்டத்தை. சாதி என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துப் பெயரைப் பதிந்து, கைரேகை எடுத்து, ராத்திரி காவல் நிலையத்துக்கு வந்து படுக்கச் சொன்னார்கள். அந்த ஆள் என்ன செய்தார் என்று கேட்கும் கட்டம் அந்தப் பதிவேட்டில் தேவைப்படவே இல்லை. அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் நின்றவர்களைச் சுட்டார்கள். 16 பேர் இறந்தார்கள்.

மதுரைக்காரனுக்கு இந்த இடத்தில் சிலப்பதிகாரம் ஞாபகம் வராமல் இருக்காது. பாண்டியன் செய்ததும் இதே வகைப் பிழைதான். காணாமல் போனது ஒரு சிலம்பு, பிடிபட்டவன் கையில் ஒரு சிலம்பு. பொருந்திவிட்டது. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கவில்லை. ஆனால் பாண்டியனிடம் என்னிடம் இல்லாத ஒன்று இருந்தது. உண்மை தெரிந்த நொடியில், பொற்கொல்லன் சொன்னான், காவலர் வெட்டினார்கள் என்று அவன் யார் தலையிலும் பழியைப் போடவில்லை. சொல்லியிருக்கலாம், இரண்டும் உண்மைதான். பழியைத் தன்மேல் எடுத்துக்கொண்டு விழுந்தான். நான் அன்று காலை பாட்டியிடம் சொன்னது, "கம்ப்யூட்டர்ல இல்ல". இலக்கணப்படி பார்த்தால் அந்த வாக்கியத்தில் செய்தவன் என்று ஒருவனே இல்லை.

யூனிக்ஸ் மரபில் ஒரு பண்பாடு உண்டு. சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றால் கருவி பேசக்கூடாது. வேலை ஒழுங்காக முடிந்தால் சத்தமில்லாமல் முடியவேண்டும். 1973ல் பைப் என்ற வசதி வந்து ஒரு கருவியின் வெளியீடு நேராக அடுத்த கருவிக்குள் போக ஆரம்பித்த பிறகு, இந்த மௌனம் இன்னும் அவசியமானது. நடுவில் ஒருவன் "ஆச்சு, முடிஞ்சது" என்று உளறினால் அதுவும் தரவோடு கலந்துவிடும். கருவிக்கு இது நல்ல குணம். எனக்கும் அந்தக் குணம் தொற்றிக்கொண்டதுதான் பிரச்சினை. எத்தனை வரியைத் தள்ளினாய் என்று கேட்காத கருவியிடமிருந்து, நானும் கேட்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இதை அப்பாவிடம் சொன்னேன். இருபது வருசம் கைத்தறியில் உட்கார்ந்தவர். செல்லூரில் தறிச் சத்தம் இல்லாத தெருவே கிடையாது என்று சொல்லும் தலைமுறை. கம்ப்யூட்டர் பாஷையெல்லாம் விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாவுல ஒரு இழை அத்துப்போனா துணியில கோடு விழுந்துரும்ல. அதப் பாத்ததும் தறிய நிப்பாட்டி முடிச்சுப் போடுவோம். உன்னுதுல கோடு விழுகாதா?" என்றார்.

விழாது என்று சொன்னேன். அப்போதுதான் எனக்கே அது முழுதாகப் புரிந்தது. துணியில் ஒரு இழை போனால் அதன் இடம் காலியாக இருக்கும், பார்க்கிற கண்ணுக்குத் தெரியும். பட்டியலில் ஒரு வரி போனால் கீழே இருக்கும் வரி மேலே ஏறி அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். வரிசை எண்ணையும் புதிதாகப் போட்டுவிட்டால் 1 முதல் 333 வரை ஒரு பிசிறு இருக்காது. அச்செடுத்த தாளை நூறு முறை பார்த்தாலும் அதில் குறையைக் கண்டுபிடிக்க முடியாது. குறை அந்தத் தாளில் இல்லை, வாசலில் அங்குட்டு நிற்கிறது.

ஆகவே கோட்டை நாமே விழவைக்க வேண்டியிருக்கிறது. இப்போது நான் செய்வது சின்ன விஷயம். நிபந்தனைக்குப் பொருந்தாத வரியைக் காற்றில் விடாமல் "தள்ளியவை" என்று தனிக் கோப்பில் போடச் சொல்கிறேன். ஆக்கில் அதற்கு இன்னும் அரை வரி கூட எழுதினால் போதும். கடைசியில் வந்தது எத்தனை, போனது எத்தனை, தள்ளியது எத்தனை என்று எண்ணிக் கூட்டிப் பார்க்கிறேன். பிறகு தள்ளியவற்றைக் கண்ணால் படிக்கிறேன். எல்லா வரியையும் படிக்க நேரமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தள்ளிய வரியைப் படிக்க நேரமில்லை என்று சொல்லும் உரிமை, தள்ளியவனுக்குக் கிடையாது என்று நினைக்கிறேன். அதைச் செய்ய முடியாத அளவுக்குப் பட்டியல் பெரிசு என்றால், தள்ளப்பட்டவர் வந்து கேட்க ஒரு ஆளும் ஒரு மேசையுமாவது இருக்கவேண்டும். அங்கே உட்காருகிறவரிடம் அந்தத் தாளை மீறி எழுதும் பேனாவும் இருக்கவேண்டும்.

இதனால் நான் நல்லவன் ஆகிவிட்டதாக எண்ணவில்லை. அந்த 68 வீட்டுக்குக் கொடுக்க அன்று அரிசி மிச்சமில்லை. வந்த பொருளை 333க்குப் பங்கிட்டு முடித்திருந்தோம். மறுபடி பணம் திரட்டி, வாங்கி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க நாலு நாள் ஆனது. ஈரத் தரையில் பாயில்லாமல் படுத்த நாலு நாள் அது. அதை எந்தக் கட்டளையாலும் திருப்பித் தரமுடியாது.

பாட்டியின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. முகவரியில் இருந்தபடியே போனேன். பெரிய வீட்டுக்குப் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே. மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினேன். புதிதாகச் சேர்த்த 68 பேரைப் பழைய பட்டியலின் அடியில் 334லிருந்து ஒட்டியிருந்தேன். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தைத் தொட்டுவிட்டு, தாளின் மேல்பக்கத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"அன்னைக்கு மொத ஆளா வந்து நின்னது நாந்தானே ராசா. ஏன் கடைசியில போட்டுருக்க?"